மணல் மலையில் கீழே இறங்காதீர்கள்

போன ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டில் ஒரு சண்டை. காரணம் ஒரு படம்.

ஏதோ பழைய ஆங்கிலப் பத்திரிகை. அதில் ஒரு வெள்ளைக்காரன் பெரிய மணல் மேட்டில், காலுக்கடியில் பலகை வைத்துக்கொண்டு சறுக்குகிறான். சிரிப்பு வேறு! எங்கள் வீட்டுக்காரர் அதை என் மூக்குக்கு முன்னால் நீட்டினார்.

"பாத்தீங்களா டீச்சர்... இதத்தான் நம்ம அப்பவே செஞ்சோம்!"

அவர் என்னை டீச்சர் என்றால் கிண்டல் என்று அர்த்தம். நானோ அந்தப் பத்திரிகையைத் தொடவே இல்லை.

நான் பயந்தாங்கொள்ளி என்பது உங்களுக்குத் தெரிந்ததுதானே? அட்டைக்குப் பயம். இடிக்குப் பயம். இறம்பொடை வளைவில் பஸ் திரும்பினால் கண்ணை மூடிக்கொள்வேன். ஆனால் மணலுக்கு ஏன் பயம் என்று மட்டும் இதுவரை எழுதியதில்லை. வெட்கம்தான் காரணம்.

எழுபதுகளின் கடைசி. கல்யாணமாகி இரண்டு வருஷம். நான் வட்டகொடைப் பக்கம் தேயிலைத் தோட்டப் பள்ளிக்கூடத்தில் டீச்சர். இவர் அதே தோட்டத்து ஃபேக்டரியில் தேயிலைத்தூள் தயாரிப்பைக் கவனிக்கிற டீமேக்கர். எங்கள் பக்கம் தேயிலைப்பெட்டி மூடியில் உட்கார்ந்து புல்மேட்டில் சறுக்காத பிள்ளைகள் கிடையாது. இவருக்கு மீசை முளைத்த பிறகும் அந்த ஆசை போகவில்லை. உப்பு ஏற்றிவந்த லொறிக்காரர் ஒருவர், "அம்பாந்தோட்டைப் பக்கம் மணலே மலை மலையா இருக்குங்க" என்று சொல்லித் தொலைத்தார். அன்றிலிருந்து வீட்டில் அதே பேச்சு.

அந்த வருஷம் தோட்டத்துச் சனமெல்லாம் பஸ் பிடித்துக் கதிர்காமம் போனோம். திரும்பும்போது அம்பாந்தோட்டைக் கடற்கரையோரம் சமையலுக்கு நிறுத்தினார்கள். இரண்டு மணி நேரமாகும் என்றார் டிரைவர். இவர் சீட்டுக்கடியிலிருந்து துணி சுற்றிய எதையோ உருவினார். நான் பூஜைச் சாமான் என்று நினைத்திருந்தேன்... பெட்டி மூடி! அடிப்பக்கம் ஈயத்தாள் பளபளவென்று அப்படியே இருந்தது. அதன்மேல் மெழுகுவர்த்தி வேறு தேய்த்து வைத்திருந்தார்.

"யாருகிட்டயும் மூச்சு விடாத புள்ள. டீமேக்கர் ஐயா சறுக்கி வெளையாடுறாருன்னு தெரிஞ்சா தோட்டமே சிரிக்கும்."

"கடல்ல கால் நனைச்சிட்டு வர்றோம்" என்று எல்லாரிடமும் சொன்னோம். சொன்னது நான்தான்.

கரையில் ஒருவர் வலை பின்னிக்கொண்டிருந்தார். "வெலி கந்த கொஹெத அய்யே?" என்று இவர் சிங்களத்தில் மணல் மேட்டுக்கு வழி கேட்டார். அந்த ஆள் தாடையால் திசை காட்டிவிட்டு, சூரியனையும் காட்டினார். இந்த வெயிலில் போகாதீர்கள் என்றார். இவர் கேட்கிற ஆளா? செருப்பு மணலில் புதைந்ததால் இரண்டு ஜோடியையும் கடலோரத்திலேயே கழற்றி வைத்துவிட்டு நடந்தோம்.

முதல் மேட்டில் மூடி நகரவே மாட்டேன் என்றது. "கடல் பக்கம் சரிவு கம்மி. உள்ளுக்குப் போனாத்தான் செங்குத்தா இருக்கும்" என்றார். இரண்டாவது குட்டை. மூன்றாவதில் முள்ளுப் பற்றை. இன்னும் ஒண்ணு... இன்னும் ஒண்ணே ஒண்ணு... கடைசியில் ஒரு மேடு கிடைத்தது. உச்சியிலிருந்து சர்ரென்று இறங்கினார் மனுஷர். பொய் சொல்லக்கூடாது, பார்க்க அழகாகத்தான் இருந்தது. அடியில் குப்புற விழுந்தார். மூடி வந்து கணுக்காலில் அடித்தது. கால் வீங்கிவிட்டது.

நானும் இறங்கி ஓடினேன். திரும்பிப் பார்த்தால்... எங்கள் காலடித் தடம் ஒன்றுகூட இல்லை. காற்று அழித்துவிட்டது. கடல் சத்தம் நாலு பக்கமும் கேட்டது.

"பயப்படாத. வழி தப்புனா கீழ எறங்கணும். ஓடையப் புடிச்சா ரோட்டுக்குப் போயிரலாம்."

எங்கள் மலையில் மூடுபனியில் மாட்டிக்கொண்டால் எல்லாரும் அதைத்தான் செய்வார்கள். கீழே ஓடை, ஓடையோரம் ரோடு, ரோட்டோரம் ஆட்கள் குடியிருக்கிற லயம். நானும் நம்பினேன். அவரைத் தோளில் தாங்கிக்கொண்டு இறங்கினேன். இறங்கிய இடம் ஒரு குழி. அதைவிட்டு ஏறி மறுபடி இறங்கினால் இன்னொரு குழி. மணலில் ஏது ஓடை? உள்ளங்கால் வெந்தது. மூடியைச் சுற்றிய துணியைக் கிழித்து நாலு காலுக்கும் கட்டினேன்.

கொஞ்ச நேரத்தில் இவர் பேச்சு நின்றுவிட்டது. உதடு வெடித்து, "தண்ணி" என்று மட்டும் வந்தது. நிழல் இல்லை. ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. செத்துப்போவார் என்றே நினைத்தேன். யாராவது தேடி வரமாட்டார்களா? வருவார்கள்... எங்கே? கடலுக்குள்! செருப்பும் அங்கேதானே கிடக்கிறது.

"ஏங்க, நான் மேல ஏறிப் பாக்குறேன்."

"வேணாம்... அப்புறம் நான் எந்தக் குழியில இருக்கேன்னு எப்புடிக் கண்டுபுடிப்ப?"

"உச்சியில நிப்பேன். உங்க கண்ண விட்டுப் போகமாட்டேன். என்னையே பாத்துக்கிட்டு இருங்க."

மூடியை ஊன்றி ஊன்றி, கையும் முழங்காலுமாக ஏறினேன். இரண்டடி ஏறினால் ஒரு அடி சரிந்தது. உச்சிக்குப் போனதும் கடல் தெரிந்தது! கரையில் எங்கள் சனம் முழுக்க நின்றது. அத்தனை பேரும் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு கடலைப் பார்த்து நின்றார்கள். பெண்கள் மாரில் அடித்துக்கொண்டார்கள்.

"ஓ...ஓ..." என்று கத்தினேன். எங்கள் ஊரில் இந்த மலையில் கூப்பிட்டால் அந்த மலையில் யாராவது குரல் கொடுப்பார்கள். இங்கே எதிர்க்காற்று என் குரலை என்னிடமே தள்ளியது. ஒருத்தர் திரும்பவில்லை. அழுதுகொண்டே மூடியைத் தலைக்குமேல் தூக்கி ஆட்டினேன். ஈயத்தாள் வெயிலில் பளிச் பளிச்சென்று மின்னியது. கை மரத்துப்போனது. இறக்கவில்லை.

ஒரே ஒரு தலை திரும்பியது. அந்த வலைக்காரர்! தமிழ் தெரியாததால், சனம் தேடுவது எங்களைத்தான் என்று அவருக்கு அதுவரை புரியவில்லையாம். தண்ணீர்க் கலனோடு ஓடிவந்தார். இவருக்கு மடக்கு மடக்காகப் புகட்டி, முதுகில் தூக்கிக்கொண்டு, வழி நெடுகத் திட்டிக்கொண்டே வந்தார்.

கரையில் ராமாயி அக்கா என் செருப்பை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கொழுந்து பறிக்கிற ராமாயி அக்கா, என்னை டீச்சரம்மா என்று தவிர வேறு எதுவும் கூப்பிடாதவர். என்னைக் கண்டதும் எழுந்து வந்து கன்னத்தில் ஓங்கி ஒன்று வைத்தார்.

"கடலுக்குன்னுதானடி சொன்ன! எங்க வீட்டு ஆளு, நீச்சல் தெரியாத மனுசன்... ஒன்னைத் தேடி கழுத்தளவு தண்ணியில நிக்குது பாரு!"

பார்த்தேன். நின்றுகொண்டிருந்தார். அலை அடிக்கும்போது தலை மறைந்து மறைந்து தெரிந்தது. நாலு பேர் கையைக் கோத்துக்கொண்டு இறங்கி அவரை இழுத்து வந்தார்கள். பிறகு ராமாயி அக்காவும் நானும் கட்டிப்பிடித்து அழுதோம்.

பத்திரிகைப் படம் ஞாயிற்றுக்கிழமையே அடுப்புக்குள் போய்விட்டது. நான் இன்றைக்கும் ஹட்டன் பஜாருக்குப் போவதென்றால்கூட ராமாயி அக்காவிடம் சொல்லிவிட்டுத்தான் கிளம்புகிறேன் — நிஜமாக எங்கே போகிறேனோ, அதை.