குறைகளை மட்டும் குறிப்பிடவும்

நான் எடுத்த படத்தைப் பார்த்து யாராவது "சூப்பர்" என்றால் எனக்குச் சுள்ளென்று கோபம் வரும். விடுமுறை நாளில் விடியற்காலை எழுந்து, பனியில் அரை மணி நேரம் குத்துக்காலிட்டு உட்கார்ந்து ஒரு படம் எடுக்கிறேன். அதைக் குடும்பக் குழுவில் போட்டு, இதில் என்ன தப்பு, சொல்லுங்கள் என்று கேட்டும் எழுதுகிறேன். இரண்டு நொடியில் ஏழு இதயம், மூன்று கும்பிடு, ஒரு பூங்கொத்து வந்து விழும். படத்தைத் திறந்துகூடப் பார்த்திருக்க மாட்டார்கள். அதில் மரம் சாய்ந்திருப்பது எனக்கே தெரிகிறது, இத்தனை பேருக்குத் தெரியவில்லையா? போனைத் தூக்கி மெத்தையில் எறிவேன்.

இந்தப் புத்தி பிறவியிலேயே இருந்தது என்று நினைத்துவிட வேண்டாம். பதினொரு வயதில் நான் நேர்மாறாக இருந்தேன். குறை சொல்கிறவர்களைக் கடித்துத் துப்ப வேண்டும் போலிருக்கும். அதிலும் குறிப்பாக ஒருவரை.

அப்போது நாங்கள் டெல்லி ஆர்.கே.புரம் அரசு குவார்ட்டர்ஸில் தரைத்தளத்தில் இருந்தோம். அப்பா ஓர் அமைச்சகத்தில் ஃபைல் தள்ளுகிற உத்தியோகம். திருநெல்வேலியிலிருந்து வந்து இருபது வருஷம் ஆகியும் அவருடைய பேச்சு ஊரைவிட்டு ஓர் அடி நகரவில்லை. யாரோ விற்றுவிட்டுப் போன பழைய கேமரா ஒன்று அவரிடம் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை காலையில் மங்கி குல்லாயை மாட்டிக்கொண்டு அதைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுவார். எடுத்ததில் ஐந்து படங்களை செக்டர் மார்க்கெட்டில் கையகலத்துக்குப் பிரிண்ட் போடுவார்.

அதுவரை சரி. அதற்கப்புறம்தான் வினை. அந்த ஐந்து படங்களையும் ஓர் அட்டை ஃபைலில் வைத்து, பச்சை நோட் ஷீட் ஒன்றைச் சேர்த்து, நாடா கட்டுவார். ஆபீஸ் காகிதத்தைத் தொட மாட்டார், கடையில் வாங்கியதுதான். தாளின் தலையில் அழகான கையெழுத்தில் எழுதுவார்: "இணைப்பில் உள்ள படங்களில் காணும் குறைகளை மட்டும் குறிப்பிடவும். நிறைகள் வேண்டா." கீழே கையொப்பம், தேதி. அந்த ஃபைல் மூன்று வீடுகளுக்குச் சுற்றுக்குப் போகும். அதைச் சுமக்கிற பியூன் நான். என் வயதுப் பிள்ளைகள் பார்க்கில் பேட்மிண்டன் ஆட, நான் மட்டும் ஃபைலோடு படியேறிப் பெல் அடிப்பேன்.

எதிர்வீட்டு மாமி அடுப்பை விட்டு வராமலே "நைஸ்" என்று எழுதித் தருவார். பின்பிளாக்கில் இருந்த தமிழ் டீச்சர், "பரவாயில்லை" என்று எழுதுவார். அவர் யாருக்கும் அதற்கு மேல் மார்க் போட்டதில்லை. மூன்றாவது, எங்கள் தலைக்கு மேலே முதல் மாடியில் இருந்த மாமா. ஏதோ ஒரு தணிக்கை அலுவலகத்தில் வேலை. நாங்கள் அவரை ஆடிட் மாமா என்போம். என்னைக் கூடத்தில் உட்கார வைத்து, ஒரு மடக்கு டீ, ஒரு படம் என்று பார்த்து, நம்பர் போட்டுப் பாரா பாராவாக எழுதுவார். "கிழவரின் பாதங்கள் வெட்டுப்பட்டுள்ளன." "கோபுரம் இடப்பக்கம் சாய்கிறது. கோபுரத்தின் தவறா, எடுத்தவரின் தவறா?" ஒருமுறை, "ஐந்திலும் குறிப்பிடத்தக்க முயற்சி ஏதும் காணப்படவில்லை" என்றே எழுதிவிட்டார்.

எனக்கு வயிறு எரியும். அந்த வீட்டிலேயே ஃபைலைக் கிழித்து அவர் டீயில் போடத் தோன்றும். ஆனால் அப்பா, சாப்பாட்டுத் தட்டை நகர்த்திவிட்டு ஒவ்வொரு பாராவாகப் படித்து, "அச்சா... சரியாத்தான் சொல்லியிருக்காவ" என்பார். அம்மாவுக்கே பொறுக்காது. "ஒங்களுக்கு எதுக்கு இந்தப் பாடு? கேமராவும் ஒங்களது, காசும் ஒங்களது. மேல உள்ளவிய கிட்ட போய் எதுக்குத் திட்டு வாங்குதிய?" என்பாள். அப்பா சிரிப்பார். இந்த மனிதருக்கு ரோஷம் என்பதே கிடையாது, ரத்தத்துக்குப் பதில் மோர்தான் ஓடுகிறது என்று நான் முடிவு கட்டியிருந்தேன். என் அப்பா இப்படி இருக்கிறாரே என்று வெட்கமாக இருந்தது.

அந்த வருஷம் எங்கள் பகுதித் தமிழ்ச் சங்கத்தின் ஆண்டு விழாவில் உறுப்பினர்கள் எடுத்த படங்களைப் பெரிதாக்கி மண்டபத்தில் மாட்டுவதாக அறிவித்தார்கள். ஆளுக்கு ஒரு படம்தான். பெரிய பெரிய லென்ஸ் வைத்திருக்கும் ஆபீசர்களோடு அப்பாவின் படமும் சுவரில் ஏறப்போகிறது. அப்பா இரண்டு வாரம் படம் படமாகப் பொறுக்கி, தைப்பூசத்தன்று மலை மந்திர் முருகன் கோயில் படிக்கட்டில் எடுத்தவற்றில் ஐந்தை ஃபைலில் வைத்தார். மூன்றாவது படத்தில் நான் இருந்தேன். மஞ்சள் பாவாடை, தலையில் பால்குடம், பின்னால் வெள்ளைப் பனி. அதுவரை அப்படி ஓர் அழகியாக நான் என்னைப் பார்த்ததில்லை. எந்தப் படம் சுவரில் ஏறினால் என்ன, அது மூன்றாம் படமாக இருந்தால் போதும் என்று முருகனிடம் வேண்டிக்கொண்டேன்.

ஆடிட் மாமா எழுதி முடித்து ஃபைலைக் கொடுத்தார். படிக்கட்டின் நடுத் திருப்பத்தில் உட்கார்ந்து நாடாவை அவிழ்த்தேன். தமிழை எழுத்துக் கூட்டித்தான் படிப்பேன். நான்காம் பாரா இது: "படம் 3: பனியில் மங்கலாகத் தெரிந்தாலும், பெண்ணின் தலைக்கு நேர் பின்னால் கம்பம் உள்ளது. எடுத்தவர் மகளைப் பார்த்தாரே ஒழிய, படத்தைப் பார்க்கவில்லை. இதை அவசியம் தவிர்க்கவும்."

கம்பத்தையெல்லாம் யார் பார்த்தார்கள்? தவிர்க்கவும் என்ற சொல் மட்டும் கண்ணில் குத்தியது. என்னைத் தவிர்க்க இவர் யார்? உடம்பெல்லாம் திகுதிகுவென்றது. தாளை உருவித் துண்டு துண்டாகக் கிழித்து, படிக்கட்டு ஜன்னலில் குளிருக்காக மூடிக்கிடந்த ஏர்கூலருக்குள் போட்டேன். ஏப்ரல் வரை அதை யாரும் திறக்க மாட்டார்கள். வீட்டிலிருந்து புதுப் பச்சைத் தாள் எடுத்து, அப்பாவின் வாசகத்தை அப்படியே பார்த்து எழுதினேன். பிறகு மூன்று பேனாவில் மூன்று கருத்து. மாமிக்கு வழக்கம்போல ஒரு "நைஸ்". டீச்சருக்கு, "படம் 3 நன்று". ஆடிட் மாமாவுக்கு, "படம் 3 மிக நன்று. குறை ஒன்றும் இல்லை". கோழிக் கிறுக்கலாக மூன்று கையெழுத்து.

அப்பா அதைப் படித்ததை மறக்க முடியவில்லை. ஒருமுறை படித்தார். கண்ணாடியைக் கழற்றிப் பனியனில் துடைத்து மாட்டிக்கொண்டு மறுபடி படித்தார். "ஏ, இங்க வா. ஆடிட்டு என்ன எழுதியிருக்காவன்னு பாரு. குறை ஒண்ணும் இல்லையாம்" என்று அம்மாவைக் கூப்பிட்டார். மாவுக் கையோடு வந்த அம்மா எட்டிப் பார்த்து, "பரவால்லியே" என்றாள். அப்பா உடனே சட்டையை மாட்டிக்கொண்டு போய்ச் சுடச்சுட ஜிலேபி வாங்கி வந்தார். மாதக் கடைசியில் எங்கள் வீட்டில் ஜிலேபி வாங்கியது அன்றைக்குத்தான். ஆபீசில் ஒருவர் கொடுத்த மெடிக்கல் சர்ட்டிபிகேட்டில் தேதி திருத்தியிருந்ததை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துக் கண்டுபிடித்தவர் என்று அவரைப் பற்றிப் பெருமையாகச் சொல்வார்கள். அந்தத் தாளை அவர் வெளிச்சத்தில் பிடிக்கவே இல்லை. மடியில் வைத்துக்கொண்டே ஜிலேபி தின்றார்.

விழாவன்று இஸ்திரி போட்ட சட்டையில் அப்பா, அதே மஞ்சள் பாவாடையில் நான். கூட்டத்துக்குள் புகுந்து என் படத்தின் முன்னால் போய் நின்றேன். பெரிதாக்கும்போது கடைக்காரர் பனியை விலக்கி வெளிச்சம் கூட்டியிருந்தார். கம்பம் பளிச்சென்று வந்துவிட்டது. அதன் உச்சியில் ஒலிபெருக்கிக் குழாய். அது என் பால்குடத்துக்குள்ளிருந்து முளைத்து, ஊரைப் பார்த்து வாயைப் பிளந்துகொண்டிருந்தது. "அரே, தேக்! இவ தலையில லவுட்ஸ்பீக்கர்!" என்று ஒரு பையன் கத்தினான். கொல்லென்று சிரித்தார்கள். பெரியவர்களும்தான். பிறகு இரண்டு வருஷம் பள்ளிக்கூடத்தில் எனக்கு அதுதான் பெயர்.

ஆடிட் மாமா கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். அவர் மட்டும் சிரிக்கவில்லை. நிஜமாகவே பதறிப்போயிருந்தார். "என்ன சார் இது? இதத்தானே வேணாம்னு பாரா நாலுல எழுதியிருந்தேன்? படிக்காமலே ஆர்டர் போட்டுட்டீங்களா?" என்றார்.

அப்பா அவரைப் பார்த்தார். பிறகு குனிந்து என்னைப் பார்த்தார். நான் செருப்பைப் பார்த்தேன்.

"படிச்சேன் சார். நான்தான் சரியா கவனிக்கல. தப்பு எம்மேலதான்" என்றார் அப்பா.

அத்தனை பேர் முன்னால் சொன்னார். வீட்டுக்கு வரும் வழியில் நான்தான் கத்தினேன். "எதுக்கு சாரி சொன்னீங்க? அந்த மாமாவத் திட்ட வேண்டியதுதானே? உங்களுக்குக் கோபமே வராதா?" என்னை ஓர் அறை அறைந்திருந்தால் நிம்மதியாக அழுதிருப்பேன். அவரோ பஸ் ஜன்னலைப் பார்த்தபடி, "படம் நல்லால்லட்டி. அதுக்கு யாரத் திட்ட?" என்றார். வீட்டுக்கு வந்ததும் ஃபைலைத் திறந்து அந்தப் பச்சைத் தாளைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுப் பழையபடி நாடா கட்டினார். என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. இன்றுவரை கேட்கவில்லை.

இத்தோடு கேமரா பரணுக்குப் போய்விடும் என்று அம்மா நினைத்தாள். அடுத்த ஞாயிறு ஆறு மணிக்கு மங்கி குல்லாயோடு மனிதர் கிளம்பிவிட்டார். அதே கோயில் படிக்கட்டு, அதே கம்பம். அதை விட்டு விலகி எங்கே நின்று எடுப்பது என்று பார்க்கப் போனாராம். மதியம் ஐந்து புதுப் படங்கள், புதுத் தாள், அதே வாசகம், நாடா. "ஏட்டி, இத மேல குடுத்துட்டு வா" என்றார்.

"நான் போமாட்டேன். நஹி ஜாவூங்கி" என்று ஃபைலைத் தரையில் தள்ளிவிட்டேன்.

அப்பா குனிந்து எடுத்தார். சிதறிய படங்களை வரிசைப்படி அடுக்கினார். வேட்டியைத் தழையக் கட்டிக்கொண்டு தானே கிளம்பினார். அவமானப்படப் போகிறாரே, போய்ப் படட்டும் என்று கருவிக்கொண்டே நான் பின்னால் போய், கூலர் இருந்த அந்தப் படித் திருப்பத்தில் ஒளிந்துகொண்டு எட்டிப் பார்த்தேன்.

ஆடிட் மாமா வீட்டு வாசலில் அப்பா நின்றார். பெல்லை அழுத்தக் கையைத் தூக்கினார். அழுத்தவில்லை. கையை வேட்டியில் துடைத்துக்கொண்டார். மறுபடி தூக்கி, மறுபடி இறக்கினார். கண்ணை மூடி, மூச்சை நெஞ்சு நிறைய இழுத்துவிட்டார். முகம் சிவந்து போயிருந்தது. தாடை இறுகியிருந்தது. அப்படியே வெகுநேரம் நின்றுவிட்டுத்தான் பெல் அடித்தார். கதவு திறந்ததும் சிரித்துக்கொண்டே ஃபைலை நீட்டினார்.

ஒரே ஒரு மாடி ஏறியதற்கு இப்படி மூச்சு வாங்குகிறதே, அப்பாவுக்கு வயதாகிவிட்டது என்று நான் நினைத்துக்கொண்டேன்.