சிவப்பு வண்டியும் வெள்ளை வண்டியும் ஒரு தூக்குத் தண்ணீரும்

"பத்து செகண்டுக்குள்ள நூறைத் தொட்டுடும் மேடம்" என்று கார் ஷோரூம் தம்பி பெருமையாகச் சொன்னான். நூறைத் தொட்டு நான் என்ன செய்யப் போகிறேன்? என் கவலை வேறு. சிதம்பரத்தில் வாழ்க்கைப்பட்டிருக்கும் என் மகளுக்கு அப்போது ஐந்தாம் மாதம். ஏழாம் மாதத்தில் வளைகாப்பு முடித்து, தலைப்பிரசவத்துக்கு அவளைக் கடலூர் முதுநகரில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு அழைத்து வரவேண்டும். எனக்கு அந்த ஒரு பயணத்துக்குத்தான் கார்.

என் வீட்டுக்காரருக்கு அப்படி இல்லை. குவைத்தில் முதலாளியின் பெரிய பெரிய வண்டிகளைப் பாலைவன ரோட்டில் பறக்கவிட்டவர் அவர். அடுத்தவன் வண்டியையே ஓட்டிக்கொண்டிருந்த மனுஷனுக்கு, அந்த மாதிரி ஒன்று தன் பெயரில் இருக்கவேண்டும் என்று ஆசை. ஊரோடு வந்து சேர்ந்த பிறகு காலைக் காபிக்கு ஒரு கார் வீடியோ, சோற்றுக்கு ஒரு கார் வீடியோ. டர்போ என்பார், டார்க் என்பார், ஸ்போர்ட் மோடு என்பார். நான் வெங்காயம் உரித்துக்கொண்டே ஊம் போடுவேன். கடைசியில் இரண்டு எஸ்யூவிகளில் வந்து நின்றார். ஒன்று சிவப்பு, பெட்ரோல். இன்னொன்று வெள்ளை, டீசல், ஆள் கொஞ்சம் பெரிய உடம்பு.

"ரெண்டுமே புலி. எந்தப் புலின்றதுதான் கேள்வி" என்றார்.

"புள்ளத்தாச்சிய ஏத்திக்கினு வர்றதுக்குப் புலி எதுக்குங்க?"

"ஒரு நாளுக்கா வண்டி வாங்குவாங்க? கறி மீன் வாங்க, கோயிலுக்குப் போவ, ஆஸ்பத்திரிக்குப் போவ, எல்லாத்துக்கும் இதான."

ஆஸ்பத்திரி என்று அவர் சாதாரணமாகத்தான் சொன்னார். எனக்குத்தான் கை நின்றுவிட்டது.

என் பயத்துக்குக் காரணம் இல்லாமல் இல்லை. மகளுக்கு இதற்கு முன் ஒன்று தங்கி, நான்காம் மாதத்தில் கலைந்துபோனது. முந்தின நாள்தான் அவள் சிதம்பரம் பஸ் ஸ்டாண்டிலிருந்து வீட்டுக்கு ஆட்டோவில் போயிருந்தாள். ஆட்டோவுக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை, கரு சரியாக வளரவில்லை, யார் என்ன செய்திருந்தாலும் நின்றிருக்காது என்று டாக்டரம்மா எனக்குப் படித்துப் படித்துச் சொன்னார். தலையை நன்றாக ஆட்டினேன். ஒரு வார்த்தைகூட நம்பவில்லை. அன்றிலிருந்து ரோட்டில் இருக்கும் ஒவ்வொரு பள்ளமும், ஒவ்வொரு வேகத்தடையும் எனக்குப் பகையாளி. கடலூரிலிருந்து சிதம்பரம் வரைக்கும் எது எங்கே இருக்கிறது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன்.

ஆகவே டெஸ்ட் டிரைவ் அன்றைக்கு நான் தூக்கோடு போனேன். மகளுக்கு மீன் குழம்பு கொண்டுபோகிற எவர்சில்வர் தூக்குதான். ஷோரூம் குழாயில் கழுத்து வரைக்கும் தண்ணீர் பிடித்து, மூடியைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு, பின்சீட்டில் ஏறி மடியில் வைத்துக்கொண்டேன்.

தம்பிக்கு முகம் செத்துவிட்டது. "மேடம், சீட்டு லெதர் மேடம்."

"நனைஞ்சா தொடச்சிக்கலாம் தம்பி. நீ முன்னாடி உக்காரு."

"மானத்த வாங்காத" என்று அவர் கண்ணாடி வழியாகப் பல்லைக் கடித்தார். கடிக்கட்டும். மகள் வயிற்றில் இருப்பது எப்படி வரும் என்று எனக்குத் தெரியவேண்டாமா?

முதலில் சிவப்பு. பைபாஸ் ஏறியதும் தம்பி, "இப்ப மிதிங்க சார்" என்றான். கேட்கவா வேண்டும், மிதித்தார். முதுகு சீட்டில் போய் அறைந்தது. நான் அருள் நிறைந்த மரியே ஜெபம் சொல்ல ஆரம்பித்தேன். திருவயிற்றின் கனி என்ற இடத்துக்கு வருவதற்குள் முள் நூறைத் தாண்டியிருந்தது. அதற்குமேல் எனக்கு வாய் வரவில்லை. தண்ணீர் எகிறி முந்தானை நனைந்தது. திரும்பி வரும்போது சர்வீஸ் ரோட்டு வேகத்தடையில் மெதுவாகத்தான் ஏற்றினார், ஆனாலும் விறைப்பாக ஒரு தூக்கு தூக்கிப் போட்டது. இறங்கிப் பார்த்தால் தூக்கில் பாதி இல்லை. மாதாவே, என் பேரப்பிள்ளை என்று வாய்விட்டே சொல்லிவிட்டேன். அவருக்கோ முகமெல்லாம் பல். குவைத்துக்குப் போய்வந்த மாதிரி இருந்தார்.

தூக்கை மறுபடி நிரப்பிக்கொண்டு அடுத்து வெள்ளை. அதே ரோடு, அதே வேகத்தடை. மிதித்தால் இதுவும் பாயத்தான் பாய்ந்தது, ஆனால் மேடு பள்ளத்தை உள்ளே விடவில்லை. இரண்டு மடக்குத் தண்ணீர்தான் போயிருக்கும். அப்பாடா என்று இறங்கப் போனால் தரை எங்கேயோ கிடக்கிறது! அவ்வளவு உயரம். ஏறும்போதே முழங்கால் கடக்கென்றது. ஏழு மாத வயிற்றோடு அவள் எப்படி ஏறுவாள்? கால் தவறினால்? பக்கத்தில் படி மாட்டித் தருகிறோம் என்றான் தம்பி. அந்தப் படி மழையில் வழுக்கினால்?

அதன்பிறகு வீட்டில் நான் பட்ட பாட்டைவிட அவர் பட்ட பாடு ஜாஸ்தி. காலையில் வெள்ளை என்பேன். படி ஞாபகம் வந்ததும் சிவப்பு என்பேன். சாயங்காலம் தூக்கைக் கழுவும்போது மறுபடி வெள்ளை. மனுஷன் ஒருநாள், "உனக்குப் பல்லக்குதான் வாங்கணும்" என்று கத்திவிட்டு வெளியே போனார். பல்லக்கு இருந்தால் வேண்டாம் என்றா சொல்லப்போகிறேன்?

கடைசியாக ஷோரூமுக்குப் போன அன்றைக்கு, நான் வாயைத் திறப்பதற்கு முன்னால் அவரே, "வெள்ளையே எடுத்துடலாம்பா" என்று தம்பியிடம் சொன்னார். அப்புறம் சிவப்பு வண்டியிடம் போய் பானெட்டில் கையை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார். எனக்குப் பாவமாக இருந்தது. ஆனாலும் தடுக்கவில்லை.

ஃபாதர் தீர்த்தம் தெளித்து மந்திரித்த கையோடு வண்டியை மகளிடம் காட்டச் சிதம்பரம் போனோம். அவளை ஏற்றி ஊரை ஒரு சுற்று சுற்றினோம். நான் அவள் பக்கத்தில். வேகத்தடை கண்ணில் பட்டதுமே, "பாத்துங்க, பாத்துங்க" என்று குரல் கொடுப்பேன், கையைக் குறுக்கே நீட்டி அவள் வயிற்றுக்கு அணை கொடுப்பேன். அவள் ஜன்னலையே பார்த்துக்கொண்டு வந்தாள். பிள்ளை சுமக்கிற சோர்வு என்று நினைத்தேன்.

வீட்டுக்கு வந்ததும் மாமனாரும் மருமகனும் பானெட்டைத் திறந்து வைத்துக்கொண்டு வெளியே நின்றுவிட்டார்கள். அவள் என்னை அடுப்படிக்குக் கூப்பிட்டாள்.

"அம்மா, ஒண்ணு சொல்றேன், கோச்சிக்காத. வளைகாப்பு முடிஞ்சி வர்றப்ப நீ இந்த வண்டில வராத."

"இன்னாடி சொல்ற?"

"வண்டி நல்லாத்தான் இருக்கு. குலுக்கலே இல்ல. ஆனா நீ ஒவ்வொரு மேட்டுக்கும் மூச்சப் புடிக்கிறியே, அப்ப எனக்கு வயிறு கல்லாட்டம் இறுகிப்போவுது. எனக்கு ரோட்டப் பாத்து பயமில்லம்மா. உன் மூஞ்சப் பாத்தாதான் பயமா இருக்கு."

சுருக்கென்றது. மடியில் தண்ணீரைக் கட்டிக்கொண்டு ஊர் சிரிக்க அலைந்தது யாருக்காக? கோபத்தில், "சரிதான்டி, நான் பஸ்லயே வந்துக்கறேன்" என்று வெடுக்கென்று சொன்னேன். ஐயோ அப்படியெல்லாம் இல்லம்மா என்பாள் என்று எதிர்பார்த்தேன்.

"சரிமா" என்றாள்.

வளைகாப்பு நல்லபடியாக நடந்தது. இரண்டு கையிலும் முழங்கை வரைக்கும் கண்ணாடி வளையல். நானே அவளைக் கைத்தாங்கலாக வண்டிப் படியில் ஏற்றி உட்கார வைத்தேன். முதுகுக்கு ஒரு தலையணை, காலுக்கு ஒரு தலையணை. பெல்ட்டை வயிற்றுக்குக் கீழே இழுத்துப் போட்டேன். ஓட்டப் போகிற வீட்டுக்காரரிடம் ஒன்றும் சொல்லக்கூடாது என்று உதட்டைக் கடித்துக்கொண்டு கதவைச் சாத்தினேன். வண்டி தெருமுனை திரும்பியதும் மருமகன் என்னை பைக்கில் பஸ் ஸ்டாண்டில் கொண்டுவந்து விட்டார். "கோச்சிக்காதீங்க அத்த, அவ வாய் அப்படி" என்றார். அவர் பைக்கில் பள்ளத்தில் விழுந்து எழுந்து வந்தது எனக்கு ஒன்றும் உறைக்கவில்லை.

தனியார் பஸ். பாட்டை அலறவிட்டுக்கொண்டு பறந்தான். இடப்பக்கம் ஜன்னலோரம் எனக்கு இடம் கிடைத்தது. மனசு பூராவும் முன்னால் போகிற வெள்ளை வண்டியில் இருந்தது. பழைய பழக்கத்தில் மிதித்துவிடுவாரோ? நான் இல்லை என்ற தைரியத்தில் நூறைத் தொட்டுப் பார்ப்பாரோ? லாரி ஏதும் குறுக்கே வந்தால்? ஜெபமாலையை உருட்டினேன், எண்ணிக்கை தப்பித் தப்பிப் போனது.

புதுச்சத்திரம் தாண்டி பஸ்காரன் ஹாரனை விடாமல் அடித்தான். எட்டிப் பார்த்தேன். எங்கள் வண்டி! இடது ஓரத்தில் ஊர்ந்துகொண்டிருந்தது. ஒரு டிராக்டர்கூட அதை ஒதுக்கிவிட்டு முன்னே போனது. பாலைவனத்தில் பறந்த மனுஷன் இரண்டு கையாலும் ஸ்டியரிங்கைக் கட்டிப்பிடித்து, கழுத்தை நீட்டி, பரீட்சை எழுதுகிறவர் மாதிரி ரோட்டையே பார்த்து ஓட்டிக்கொண்டிருந்தார். பின்சீட்டில் என் மகள் தூங்கிக்கொண்டிருந்தாள். வாய் லேசாகத் திறந்திருந்தது. வளையல் கை வயிற்றின் மேல் கிடந்தது. அணை கொடுக்க யாரும் இல்லை. தேவைப்படவும் இல்லை. கூப்பிட வாயெடுத்தேன், அதற்குள் பஸ் தாண்டிவிட்டது.

முதுநகர் வந்து, வீட்டைத் திறந்து, உலை வைத்து, வாசலில் வந்து நின்றேன். வரவில்லை. உள்ளே போய்த் திரும்பி வந்தேன். வரவில்லை. போனைப் போட்டேன்.

"எங்கதான் இருக்கீங்க?"

"ஆலப்பாக்கம் தாண்டிட்டேன். முப்பதுலதான் வரேன், ஒண்ணும் பயமில்ல."

"முப்பதா? மாட்டு வண்டியா ஓட்டறீங்க? அம்மாம் பெரிய இன்ஜின வச்சிக்கினு! கொஞ்சம் மிதிச்சிதான் வாங்களேன்!"

"யாரு பேசறது?" என்றார்.

என் குரல் காரின் ஸ்பீக்கரில் வண்டி முழுக்கக் கேட்டிருக்கிறது. போனில் வளையல்கள் கலகலத்தன. அவள் எழுந்துவிட்டாள்.

"அம்மா, வந்துக்கினேதான் இருக்கோம். மூச்ச விடு."

அப்போதுதான் தெரிந்தது, நான் பிடித்துக்கொண்டு நிற்பது. விட்டேன்.