தமிழ்ப் பக்கத்துக்கு வந்து ஓடியவர்கள்

இரண்டு வாரம் முன்பு கமிட்டியில் சண்டை போட்டேன். வருத்தமெல்லாம் இல்லை.

காக்ஸ் டவுனில் எங்கள் தமிழ்ச் சங்க நூலகத்துக்கு ஒரு வெப்சைட் உண்டு. செய்தது நான். ஆங்கிலப் புத்தகங்களுக்கு ஒரு பட்டியல், தமிழுக்கு ஒன்று. எத்தனை பேர் வந்தார்கள், எந்தக் கம்ப்யூட்டரிலிருந்து, எவ்வளவு நேரம் இருந்தார்கள் என்று கணக்கும் வரும்.

செயலாளர் தனராஜ் அதைப் பிரிண்ட் எடுத்து வந்திருந்தார்.

"பாரும்மா, தமிழ்ப் பக்கத்துல யாருமே அஞ்சு செகண்டு நிக்கறதில்ல. தூக்கிடலாம். ஸ்வல்ப அட்ஜஸ்ட் பண்ணிக்கோ."

"தமிழ்ச் சங்க லைப்ரரியில தமிழையா சார் தூக்கறது?"

"நான் சொல்லலம்மா, கணக்கு சொல்லுது."

கணக்கு சொல்கிறதாம்! பிடுங்கிப் பார்த்தேன். ஓடியிருக்கிறார்கள், உண்மைதான்... ஆனால் அதே கம்ப்யூட்டர்களிலிருந்து மறுநாளும் வந்திருக்கிறார்கள். அதற்கடுத்த நாளும்! வேண்டாதவர் எதற்கு மூன்று தரம் கதவைத் தட்டுகிறார்? ஒரு வாரம் டைம் கேட்டு வாங்கினேன்.

மறுநாள் பிரேசர் டவுனில் ஒரு பிரவுசிங் சென்டரில் போய் உட்கார்ந்து எங்கள் தமிழ்ப் பக்கத்தைத் திறந்தேன். அய்யோ! தலையில் புள்ளி வைத்த ஆங்கில எழுத்து, பவுண்டு குறி, கேள்விக்குறி... தமிழ் எழுத்தைக் காட்டும் எங்கள் ஃபான்ட் அந்தக் கம்ப்யூட்டரில் இல்லை. 'ஃபான்ட்டை இங்கே டவுன்லோடு செய்யுங்கள்' என்று மேலேயே எழுதியிருந்தேனே, எங்கே?

அதுவும் அந்தக் கிறுக்கலுக்குள்தான் இருந்தது. அறிவிப்பையும் அதே ஃபான்ட்டில் அடித்து வைத்திருக்கிறேன்! என் வீட்டுக் கம்ப்யூட்டரில் எல்லாம் ஜோராகத் தெரிந்ததால் இத்தனை நாள் உறைக்கவேயில்லை. என்னை எதால் அடிப்பது?

அன்றைக்கே அறிவிப்பை ஆங்கிலத்துக்கு மாற்றினேன். அடுத்த ஞாயிறு புதுக் கணக்கோடு போனேன். தமிழ்ப் பக்கத்துக்கு வந்தவர்கள் ஃபான்ட்டை டவுன்லோடு செய்துகொண்டு, நின்று, நிதானமாக, பட்டியலின் கடைசி வரை போயிருந்தார்கள்.

"நிக்கறாங்க, சரி. ஆனா இங்கிலீஷ் பக்கத்துக்கு வர்ற கூட்டம் இல்லியேம்மா?" தனராஜ் விடுவதாக இல்லை.

"இல்லாட்டிப் போகட்டும் சார். ஒரே ஒருத்தர் வந்தாலும் அந்தப் பக்கம் இருக்கும். தூக்கணும்னா மொதல்ல என்னைத் தூக்குங்க."

தூக்கவில்லை. தப்பு யாருடையது என்பதையும் கமிட்டியில் மறைக்காமல் சொல்லிவிட்டேன்.

வந்தவர் ஓடினார் என்று கணக்கு சொல்லும். விரட்டியது நான்தான் என்று நானல்லவா சொல்ல வேண்டும்?