கம்பளி நோட்டீஸும் கழற்றி வைத்த துணியும்

1. பதினைந்து நாள் கெடு

வக்கீல் நோட்டீஸும் ஒரு கடிதம்தான். யாரும் யாரையும் நலம் விசாரிப்பதில்லை, அவ்வளவே. எங்கள் கம்பெனி முதன்முதலாக ஒரு நோட்டீஸ் அனுப்பியபோது, அதன் இணைப்பில் இருந்தது என் கையெழுத்து.

அம்பத்தூர் எஸ்டேட்டில் ஸ்பீக்கர் செய்யும் கம்பெனி எங்களுடையது. நான் அங்கே க்யூ.சி., அதாவது தரச் சோதனை, மேலாளர். என் காதுக்கு வயதாகிவிட்டது. பன்னிரண்டாயிரம் ஹெர்ட்ஸுக்கு மேலே, கீச்சொலிகளின் உலகத்தில் என்ன நடந்தாலும் எனக்குத் தகவல் வராது. அதனால் காதை விட்டுவிட்டு மைக்கையும் கிராஃபையும் நம்பிப் பிழைப்பவன். இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். என் வீட்டில் பாடுவது வேறு கம்பெனி ஸ்பீக்கர். இதுவரை யாரும் கேட்டதில்லை, நானும் சொன்னதில்லை.

நோட்டீஸ் போனது செல்வி என்ற பெண்ணுக்கு. கோவில்பட்டிக்காரர், வானகரத்தில் ஃப்ளாட், ஐ.டி. வேலை. மிச்ச நேரத்தில் ஸ்பீக்கர்களைக் கடையில் வாங்கி, வீட்டிலேயே அளந்து, வீடியோ போடுவார். யாரிடமும் இலவசமாக வாங்க மாட்டார். எங்கள் புது மாடலைப் பற்றி அவர் சொன்ன வாக்கியம் இது: “பாடுறவரு கம்பளியைப் போத்திக்கிட்டுப் பாடுத மாதிரி இருக்கு.” பின்னாலேயே ஒரு கிராஃப். ஆறாயிரம் ஹெர்ட்ஸில் தொடங்கி, கோடு களைத்துப்போய் உட்கார்ந்துவிட்டது.

எங்கள் எம்.டி. அந்த வீடியோவை மூன்று தடவை பார்த்தார்.

“கம்பளியாம்யா! நம்ம ஸ்பீக்கருக்குக் கம்பளியாம்! உன் டெஸ்ட் ரிப்போர்ட் என்ன சொல்லுது?”

“கோடு நேரா இருக்கு சார். ஸ்கேல் வச்சுப் போட்ட மாதிரி.”

“எழுதிக் குடு.”

எழுதிக் கொடுத்தேன். நோட்டீஸ் தயாரானது. ‘மேற்படி கம்பளி என்னும் சொல் எமது கட்சிக்காரரின் நற்பெயருக்குக் களங்கம் விளைவிப்பதாலும்’ என்று அதில் ஒரு வரி. பதினைந்து நாளுக்குள் வீடியோவை நீக்கி, பகிரங்க மன்னிப்புக் கேட்காவிட்டால் கோர்ட்.

அவர் வக்கீல் வைக்கவில்லை. கம்பெனிக்கு நேராக ஒரு மெயில் போட்டார்: ‘நான் அளந்தது தப்பு என்றால் நீக்கிவிடுகிறேன். உங்கள் மைக்கைக் கொண்டுவந்து என் வீட்டில் அளந்து காட்டுங்கள்.’

எம்.டி.க்குச் சந்தோஷம். “போய் அளந்து, அவங்க மைக் தப்புன்னு எழுதி வாங்கிட்டு வந்துடு.”

2. வானகரம், மூன்றாவது மாடி

பன்னிரண்டாம் நாள் போனோம். துணைக்கு அசெம்பிளி லைன் ஃபோர்மன் தட்சணா. கள்ளிக்குப்பத்தில் பிறந்து வளர்ந்தவர். எனக்கு மரியாதை தருவார். என் கருத்துக்களுக்குத் தருவதில்லை. குடோனிலிருந்து சீல் உடைக்காத புது மாடல் பெட்டி ஒன்றை எடுத்து வண்டியில் ஏற்றினார்.

“ஒரு பொம்பள சொன்ன ஒத்த வார்த்தைக்கு ரெண்டு ஆம்பள, ஒரு மைக்கு, ஒரு வண்டி. போலீஸையும் வரச் சொல்லேன் சார்.”

“நாம சண்டைக்குப் போகலை தட்சணா. சயின்ஸ் பண்ணப் போறோம்.”

“அத்த நோட்டீஸ் வுட்றதுக்கு மின்னாடி பண்ணிர்க்கலாமே.”

நான் வண்டியைக் கிளப்பினேன்.

செல்வி கதவைத் திறந்தார். முப்பத்தைந்து வயதிருக்கும். ஹாலில் சோபாவை ஓரம் தள்ளி, துணி காயப்போடும் ஸ்டாண்டில் மைக்கைக் கட்டி வைத்திருந்தார். எங்கள் லேபில் இருப்பது இறக்குமதி ஸ்டாண்ட். இரண்டும் மைக்கை ஒரே மாதிரிதான் பிடிக்கின்றன என்பதைக் கவனித்தேன், வெளியே சொல்லவில்லை.

மேஜைமேல் ஒரு தாள் கிடந்தது. அச்செடுத்த மன்னிப்புக் கடிதம். கையெழுத்து மட்டும் பாக்கி.

“பயந்துட்டேன்னு நினைக்காதீங்க சார்,” என்றார் செல்வி. பிறகு, “பயந்துட்டேன்தான். கோர்ட் கேஸுன்னா எங்க ஆபீஸ்ல ஒரு மாதிரிப் பாப்பாங்க. வீட்டுக்காரரும் எதுக்கு வம்புங்காரு. நான் தப்பா அளந்திருந்தா இப்பவே கையெழுத்துப் போடுதேன். சரியா அளந்திருந்தும் போடச் சொன்னா, அதுக்கப்புறம் எந்த ஸ்பீக்கரைப் பத்தியும் நான் வாயத் திறக்க முடியாது. எனக்கு அதான் விசயம்.”

முதலில் இரண்டு மைக்கையும் ஒரே ஒலியில் ஒப்பிட்டோம். அண்ணன் தம்பி போல ஒத்துப்போயின. அவர் மைக் தப்பு என்று எழுதி வாங்கும் திட்டம் அங்கேயே முடிந்தது. சரி, அவர் வாங்கிய பீஸ் தப்பாக இருக்கலாமே? தட்சணா எங்கள் பெட்டியைப் பிரித்து, ஸ்பீக்கரைத் தூக்கி வைத்தார். லேபில் அளக்கும்போது இருப்பது போலவே இருக்கட்டும் என்று, நான் விரல் நகத்தால் முன்பக்கத் துணிச் சட்டத்தை நெம்பிக் கழற்றி, சுவரோரம் சாய்த்தேன்.

“சார், அத எதுக்குக் கழத்துதீங்க?”

“அளக்கப் போறோமே.”

“பாட்டுக் கேக்கையில யாரும் கழத்த மாட்டாங்களே?”

சாய்த்த சட்டத்தைத் திரும்பக் கையில் எடுத்தேன்.

எங்கள் லைனில் ஒரு வழக்கம். துணிச் சட்டத்தை பேக்கிங் டேபிளில்தான் மாட்டுவோம். முன்னாலேயே மாட்டினால் கைபட்டு அழுக்காகிவிடும். க்யூ.சி. அதற்கு முந்தைய மேஜை. அதாவது, நான் பாஸ் செய்த ஒரு ஸ்பீக்கரையும் துணியோடு பார்த்ததில்லை. அந்த வழக்கத்தை ஏற்படுத்தியவனும் நான்தான். அதற்கு ஒருமுறை கைதட்டலும் வாங்கியிருக்கிறேன்.

“இன்னா சார் நின்னுகினே கீற? மாட்டி அளந்து பாத்துரு,” என்றார் தட்சணா.

துணி இல்லாமல்: என் ரிப்போர்ட்டில் இருந்த அதே நேர்கோடு. துணியோடு: செல்வியின் கிராஃப். ஆறாயிரத்தில் களைத்துப்போய் உட்காரும் அதே கோடு, அதே இடத்தில்.

“அக்கா சொன்னது கரீட்டுதான்,” என்றார் தட்சணா, துணியை இரண்டு விரலால் கிள்ளிப் பார்த்து. “கம்பளியேதான்.”

செல்வி சிரிக்கவில்லை. “நான் கையெழுத்துப் போடணுமா சார்?” என்று கேட்டார்.

“வேண்டாம்,” என்றேன். “போட வேண்டியது நான்.”

3. ஃபைல்

தொழிற்சாலைக்கு வந்ததும், புது மாடலில் செய்த மாற்றங்களைப் பதியும் மாறுதல் குறிப்பு ஃபைலை எடுத்தேன். பழைய மெல்லிய துணிக்குப் பதிலாகப் புதிய தடித்த துணி. ‘அழகு சார்ந்த மாற்றம். ஒலிச் சோதனை தேவையில்லை.’ கீழே என் கையெழுத்து, தேவைக்கு அதிகமான சுழிப்போடு. துணியைத் தேர்ந்தெடுத்தவர் என்ற இடத்தில் எம்.டி.யின் பெயர். ஏதோ கண்காட்சியில் சோபாத் துணி பார்த்து மயங்கி வந்திருந்தார். நான் வாசிக்காமல் போட்ட கையெழுத்து என்று சொல்லிக்கொள்ளவும் வழியில்லை. அந்த வாக்கியமே என்னுடையதுதான்.

அவருடைய அறைக்குப் போனேன். பின்னாலேயே தட்சணாவும் வந்தார், கூப்பிடாமலே.

“எழுதிக் குடுத்துட்டாங்களா?”

“அவங்க அளந்தது சரி சார். துணி அமுக்குது. நான் துணி இல்லாம அளந்திருக்கேன்.”

“துணி நான் செலக்ட் பண்ணது.”

“ஆமா சார். டெஸ்ட் வேணாம்னு எழுதினது நான்.”

“இந்த ரூம்ல இருக்கிறதும் அதே மாடல்தான்யா. எவ்வளவு பக்குவமா இருக்கு! எனக்கு ஒண்ணும் தெரியலையே?”

அறை ஸ்பீக்கரில் வீணைக் கச்சேரி ஓடிக்கொண்டிருந்தது. தட்சணா நடந்துபோய், அனுமதி கேட்காமல், இரண்டு சட்டத்தையும் பட்பட்டென்று கழற்றினார். நரம்பில் விரல் படும் சத்தம் அறைக்குள் வந்தது. அதுவரை அது வெளியே காத்திருந்திருக்கிறது.

எம்.டி. நிமிர்ந்தார். “மாட்டு.” மாட்டினார். “எடு.” எடுத்தார். இப்படி நாலு தடவை. ஐந்தாம் தடவை சொல்லவில்லை.

“நோட்டீஸை வாபஸ் வாங்கினா நம்ம மானம் போகும்யா.”

“கோர்ட்டுல அவங்க வக்கீல் இதே மாதிரி கழட்டி மாட்டினா, இன்னும் கூடப் போகும் சார்,” என்றேன். “ரிப்போர்ட்டை நான் வாபஸ் வாங்கறேன். துணியில்லாம அளந்ததுன்னு என் பேர்ல எழுதித் தர்றேன். அப்புறம் நீங்க என்ன முடிவு எடுத்தாலும் சரி.”

என்னை என்ன செய்வது என்ற முடிவும் அதில் அடக்கம் என்பது எனக்குத் தெரியும். அவர் ஸ்பீக்கரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“பழைய துணி ஸ்டாக் இருக்கா?”

“கீது சார்,” என்றார் தட்சணா.

4. அதன் பிறகு

பதினான்காம் நாள் நோட்டீஸ் வாபஸானது. ‘நல்லெண்ண அடிப்படையில்’ என்று கடிதத்தில் இருந்தது. மன்னிப்பு என்ற சொல் இல்லை. எம்.டி. அவ்வளவு தூரம் வரக்கூடியவர் இல்லை. நான் தனியாகச் செல்வியைப் போனில் கூப்பிட்டு அந்தச் சொல்லைச் சொன்னேன். மேஜைமேல் கிடந்த அந்த மன்னிப்புக் கடிதத்தைக் கிழித்துப் போட்டதாகச் சொன்னார்.

லைனில் க்யூ.சி. மேஜையை பேக்கிங்குக்குப் பின்னால் தள்ளிவிட்டோம். இப்போது பெட்டியைத் திறந்து, வாங்குபவர் கேட்பது எப்படியோ அப்படியே வைத்து அளக்கிறோம். துணியில் அழுக்குப் படுகிறது, துடைக்கிறோம். இந்த வேலைக்கு வரும் இளைஞர்களுக்கு நான் சொல்லக்கூடியது இதுதான்: உங்கள் ரிப்போர்ட்டில் எண் சரியாக இருக்கிறதா என்று பார்ப்பதற்கு முன், எதைக் கழற்றி வைத்துவிட்டு அளந்தீர்கள் என்று பாருங்கள்.

போன மாதம் செல்வி எங்கள் பழைய துணி போட்ட மாடலை மறுபடி கடையில் வாங்கி வீடியோ போட்டார். கம்பளி போய்விட்டது, குரல் முகத்துக்கு நேராக வருகிறது என்றார். நான் நிம்மதியாக நாற்காலியில் சாய்ந்தபோது, “ஆனா, அடியில வார பாஸ் சத்தம் கொஞ்சம் தொளதொளன்னு கெடக்கு,” என்றார்.

பத்து நிமிடத்தில் எம்.டி. போனில் கூப்பிட்டார். வக்கீல் நம்பர் கேட்பார் என்று எடுத்தே வைத்திருந்தேன்.

“தொளதொளன்னு சொல்றாங்களே, அளந்து பாத்தியா?”

“பாத்தேன் சார். துணியோட. அவங்க சொல்றது சரிதான்.”

வக்கீல் நம்பரை அவர் கேட்கவில்லை.

“சரி, தட்சணாவையும் கூட்டிக்கிட்டு மேல வா.”