மார்கழிப் பாவும் வெளுத்த விரல்களும்

ஆட்டையாம்பட்டியில் எங்கள் தெருவில் விடிவதற்கு முன்பே பாவு தோய்க்கத் தொடங்கிவிடுவோம். பாவு என்பது தறியில் நீளவாக்கில் ஓடும் நூல். அதைத் தெரு நீளத்துக்கு இழுத்துக் கட்டி, கஞ்சி தடவி, நாரால் கட்டிய குச்சுத் தூரிகையால் நீவிவிட வேண்டும். வெயில் ஏறிவிட்டால் கஞ்சி பொருக்குத்தட்டி இழை அறும். ஒரு வீட்டு ஆட்களால் ஆகிற வேலை இல்லை. ஆகவே இன்று உங்கள் பாவுக்கு நாங்கள், நாளை எங்கள் பாவுக்கு நீங்கள் என்று ஒரு முறை இருந்தது. அந்த முறையிலிருந்து தள்ளப்பட்ட வீட்டில் தறி நின்றுவிடும்.

யுத்த காலத்தில் ஒரு மார்கழி. குளிரில் மற்றவர்களுக்குக் கை விறைத்தது. என் மனைவிக்கு வெளுத்தது. ஆறிப்போன கஞ்சியில் கை விட்ட சற்று நேரத்தில் நடுவிரலும் மோதிர விரலும் சுண்ணாம்பு பூசியது போலாகின. வெளுப்பு கோடு கிழித்த மாதிரி இரண்டாம் கணுவோடு நின்றது. பக்கத்தில் நீவிக்கொண்டிருந்த எதிர்வீட்டுப் பெண் அதைப் பார்த்துவிட்டு நகர்ந்தாள். நகர்ந்தவள் நேரே தெருப் பெரியவரிடம் போய் நின்றாள்.

பெரியவர் என் மனைவிக்கு மாமன் முறை. தலைப்பாகையில் எப்போதும் ஓர் ஊசி செருகியிருப்பார்.

"அம்மிணி, கையக் காட்டு சாமி."

"கஞ்சி ஒட்டியிருக்குதுங்க மாமா."

அவர் துண்டால் துடைத்துப் பார்த்தார். வெளுப்பு போகவில்லை. ஊசியை எடுத்து விரல் நுனியில் குத்தினார். அவள் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"குத்திட்டீங்களா?" என்று கேட்டாள்.

வெளுத்த தோல், உணர்ச்சி இல்லை. பெருநோய்க்கு, அதாவது குஷ்டத்துக்கு, எங்கள் தெருவில் இதற்கு மேல் அடையாளம் தேவைப்படவில்லை.

"நான் ஒண்ணும் சொல்லலை சாமி. கொஞ்ச நாளைக்குப் பாவுப் பக்கம் வர வேண்டாம்" என்றார் பெரியவர்.

அடுத்த வாரம் எங்கள் பாவு. அதற்கு யாரும் வரப்போவதில்லை என்பது அவர் சொல்லாமலே விளங்கியது. வீட்டுக்குள் போன பிறகு அவள் விரல்கள் நீலமாகி, சிவந்து, எரிந்து, பழைய நிறத்துக்கு வந்தன. அதைப் பார்க்கத் தெருவார் யாரும் உடன் வரவில்லை.

மறுநாள், பெட்ரோல் தட்டுப்பாட்டில் கரிவாயுவில் ஓடிக்கொண்டிருந்த பஸ்ஸில் சேலம் போனோம். ஏற்றம் வந்த இடங்களில் ஆண்கள் இறங்கித் தள்ளினோம். டாக்டர் அவள் தோலைப் பார்த்தார், முழங்கை நரம்பை அழுத்திப் பார்த்தார். பிறகு மண்பானைத் தண்ணீரில் கையை வைக்கச் சொன்னார். வெளுத்தது. வெந்நீரில் வைக்கச் சொன்னார். சிவந்தது.

"பெருநோய் இல்லை" என்றார். "குளிர் பட்டால் உடம்பு சூட்டை நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் பத்திரப்படுத்திக்கொள்ளும். கை கால் விரலுக்குப் போகிற சின்ன ரத்தக்குழாய்களை இறுக்கிவிடும். எல்லாருக்கும் அப்படித்தான். இந்தம்மாவுக்கு அளவு மீறி இறுக்குகிறது. ரத்தம் போகாத விரலுக்கு நிறமும் இருக்காது, உணர்ச்சியும் இருக்காது. சூடு பட்டால் திறந்துகொள்ளும்."

"மருந்துங்க?" என்றேன்.

"கையைச் சூடாக வைத்துக்கொள்ளுங்கள்."

"இதைக் கேக்கறதுக்கா பஸ்ஸைத் தள்ளிக்கிட்டு வந்தோம்?" என்று அவள் வெளியே வந்து என்னிடம் கேட்டாள்.

ஊர் திரும்பியதும் டாக்டர் சொன்னதைப் பெரியவரிடம் ஒன்றுவிடாமல் ஒப்பித்தேன்.

"வயிறு கைக்கு ரத்தம் உடாதாக்கும்? ரெண்டுக்கும் பங்காளிச் சண்டையா மாப்பிளே?" என்றார்.

அவர் குத்தியதில் தப்பில்லை. குத்திய நேரத்தில்தான் தப்பு என்று எனக்குத் தெரிந்தது. உச்சி வெயிலில் இன்னொரு தடவை குத்திப் பார்க்கும்படி கேட்டுக்கொண்டேன். அதில் அவருக்கு ஆட்சேபம் இல்லை. என் மனைவிக்கு இருந்தது; ஆனாலும் வந்தாள்.

தெரு கூடியது. பெரியவர் அதே விரலைப் பிடித்தார். முதல் தடவை எவ்வளவு அழுத்தினாரோ அவ்வளவே அழுத்தினார்.

"ஐயோ! மாட்டைக்கூட இப்படிக் குத்த மாட்டாங்க! மாமனாச்சேன்னு பாக்கறேன்!" அவள் கையை உதறிய வேகத்தில் தலைப்பாகை கீழே விழுந்தது.

விரலில் துளிர்த்த ரத்தத்தைப் பெரியவர் குனிந்து பார்த்தார். "ரத்தம் போவுது" என்றார்.

"போவுதுங்க. உங்க புண்ணியத்துல."

எதிர்வீட்டுப் பெண்ணுக்குத் திருப்தி இல்லை. "அந்த இன்னொரு வெரலு?" என்றாள்.

"நீயே வந்து குத்து புள்ள. அப்புறம் உன் கையில எத்தனை வெரலு மிச்சம்னு எண்ணிக்கலாம்" என்றாள் என் மனைவி.

எதிர்வீட்டுப் பெண் வரவில்லை. வேறு யாரும் முன்வரவில்லை. பெரியவர் தலைப்பாகையைத் தட்டிக் கட்டிக்கொண்டார்.

"உங்க பாவு என்னைக்கு மாப்பிளே?" என்று கேட்டார்.

"வியாழக்கிழமைங்க."

"சரி, எல்லாரும் வாரோம். கஞ்சியச் சூடாவே கொண்டாங்க. எனக்கும் ரெண்டு வருசமா வெரலு விறைக்குது."