லாரிக்காரர் இறங்கும் விதம்

என் கணவருக்கு வந்திருப்பது பார்கின்சன் அல்ல, பி.எஸ்.பி. என்ற அரிய நரம்பு நோய் என்று போன மாதம்தான் தெரிந்தது. அவரால் கண்ணைத் தாழ்த்திப் பார்க்க முடியாது, படிகளில் விழுகிறார். நோயை நிறுத்த மருந்தில்லை. "விழாம பாத்துக்கோங்க" என்றார் டாக்டர்.

இன்று கும்மிடிப்பூண்டியில் பஸ் படியில் உறைந்து நின்றுவிட்டார். பின்னால் ஒருவர், "எறங்குய்யா!" என்று கத்தினார்.

முன்னால் இறங்கிய காக்கிச் சட்டைக்காரர் திரும்பி வந்தார்.

"பஸ்ஸைப் பாத்துத் திரும்பிக்கோ நைனா. லாரிலேந்து நாங்க இப்டித்தான் எறங்குவோம். ரெண்டு கம்பியும் புடி, காலை நான் வைக்கிறேன்."

"விழுந்துடுவார்" என்றேன்.

"அப்ப நான் இன்னாத்துக்குக் கீறேன், அக்கா?"

ஒவ்வொரு பாதமாகக் கையில் ஏந்திப் படியில் வைத்தார். என் கணவர் விழவில்லை.

பிசியோதெரபிஸ்ட் கொடுத்த தாளில் இது இல்லை. வேறு லாரிக்காரர்கள் யாராவது இதைப் படித்தால் யோசனை சொல்லுங்கள். இந்த முறை குறுக்கே பேசமாட்டேன்.