பெயர்ப் பலகை இல்லாத கதவு

மராத்தி பேசும் நிக்டியில் நாங்கள் குடியிருந்த கட்டிடத்தில் பெயர்ப் பலகை இல்லாத கதவு எங்களுடையது மட்டும்தான். என் கணவர் மாட்டவிடவில்லை. "நாம யாருன்னு போறவன் வர்றவனுக்கெல்லாம் எதுக்குத் தெரியணும்?" என்பார். வாக்காளர் அட்டைக்குப் படம் பிடித்த அன்று அவருக்குத் திடீரென்று வயிற்றுவலி வந்தது. ஸ்கூட்டர் வாங்காமல் சைக்கிளிலேயே சுற்றினார். லைசென்ஸ் கேட்காத வண்டி அது ஒன்றுதானே. முகத்தை ஒருமுறை அரசாங்கத்திடம் கொடுத்துவிட்டால் திரும்ப வாங்க முடியாதாம். அந்த முகத்தை வைத்துக்கொண்டு அரசாங்கம் என்னதான் செய்யும் என்று கேட்டுவிட்டேன்.

பிழைப்புக்குக் கம்ப்யூட்டர் வகுப்பு எடுத்தார். மற்ற நேரமெல்லாம் கட்டற்ற மென்பொருள். யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம், உள்ளே என்ன இருக்கிறது என்று பிரித்துப் பார்க்கலாம் என்கிற அந்த மென்பொருளைத் தமிழாக்கும் வேலையை மூன்று வருடமாக இழுத்துப் போட்டுச் செய்துகொண்டிருந்தார். 'கோப்பு' என்ற ஒரு சொல்லுக்காகக் கூட்டாளிகளோடு மின்னஞ்சலில் போட்ட சண்டையில் எங்கள் தீபாவளியே போனது.

அந்தத் தமிழைத் தன் பெயரில், தன் கையாலேயே ஏற்ற வேண்டும் என்று அவருக்கு ஆசை. அதற்கு ஒரு சடங்கு இருந்தது. கணினியில் ஒவ்வொருவருக்கும் கையெழுத்து மாதிரி ஒரு ரகசியச் சாவி உண்டு. அந்தச் சாவி இன்னாருடையதுதான் என்று அந்த மென்பொருள்காரர்களில் இரண்டு பேர் நேரில் பார்த்து ஒப்பமிட வேண்டும். ஒரு ஞாயிற்றுக்கிழமை ஊருக்கு நடுவே டெக்கான் என்கிற இடத்தில் ஓர் உடுப்பி ஓட்டலில் கூடினார்கள். தோசைக்காக நானும் போனேன்.

முதல் காப்பி முடியும்வரை அரசாங்கத்தைப் பிடிபிடி என்று பிடித்தார்கள். பிறகு ஆளுக்கு ஆள் பையிலிருந்து பாஸ்போர்ட்டையும் லைசென்ஸையும் எடுத்து மேசையில் வைத்தார்கள். எல்லாம் அதே அரசாங்கம் முத்திரை குத்திக் கொடுத்தவை. என் கணவரிடம் ஒன்றும் இல்லை.

மூன்று வருடமாகத் தினமும் மின்னஞ்சலில் அவரோடு மல்லுக்கு நின்ற தமிழ்நாட்டுத் தாடிக்காரர் ஒருவர், "தப்பா எடுத்துக்காதீங்க. நீங்கதான் நீங்கன்னு நான் எப்படி நம்புறது?" என்றார்.

"இவர் என் புருஷன். நான் சொல்றேன்" என்றேன்.

"உங்க அட்டை இருக்கா மேடம்?"

இருந்தது. அது நான் யார் என்று சொன்னதே தவிர, அதிலிருந்த கணவர் பெயர் இவருடையதுதான் என்று சொல்லவில்லை.

பஸ்ஸில் வரும்போது எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. ஜன்னல் பக்கம் திரும்பியிருந்த அவர் முகத்தைப் பார்த்ததும் பாவமாகிவிட்டது. அடுத்த வாரமே பாஸ்போர்ட்டுக்கு மனுப் போட்டார். பொத்திப் பொத்தி வைத்திருந்த முகத்தைப் பிரதி பிரதியாகக் கொடுத்துவிட்டு வந்தார்.

போலீஸ் விசாரணைக்கு ஹவல்தார் வந்தார். அக்கம்பக்கத்தில் இரண்டு பேர், இவரைத் தெரியும் என்று கையெழுத்துப் போட வேண்டுமாம்.

"இவங்களுக்கும் ரெண்டு பேரா?" என்றார் என் கணவர், ஏமாந்த குரலில்.

இந்தக் கட்டிடத்தில் ஒருவருக்கும் அவர் பெயரைச் சொன்னதில்லை. தெரியாது என்று எழுதிக்கொண்டு போய்விட்டால் பாஸ்போர்ட் இல்லை. மூன்று வருட உழைப்பு வேறு யார் பெயரிலோ போகும். வேறு வழியில்லாமல் எதிர்வீட்டுக் கதவைத் தட்டினேன். நான் காக்கூ, அதாவது சித்தி, என்று கூப்பிடும் மராத்திக்காரம்மா மாவுக் கையோடு வந்தாள். பின்னாலேயே அவள் கணவரும் வந்தார்.

"இவரைத் தெரியுமா?" என்றார் ஹவல்தார்.

"தெரியாம என்ன? தண்ணி வராத அன்னிக்கெல்லாம் கீழேருந்து எங்களுக்கும் சேர்த்துத்தானே தூக்கிட்டு வர்றார்" என்று மராத்தியில் பொரிந்து தள்ளினாள் காக்கூ. கையைத் துடைத்துவிட்டு, காகிதத்தில் என்ன இருக்கிறது என்றுகூடப் பார்க்காமல் கையெழுத்துப் போட்டாள். அவள் கணவரும் போட்டார். ஹவல்தார் படியிறங்கிய பிறகு என் காதருகே வந்து கேட்டாள்: "ஆமா, உன் புருஷன் பேரு என்ன?"

உள்ளே வந்து இதைச் சொன்னதும் என் கணவர் குதித்தார். "பேரே தெரியாம எப்படிக் கையெழுத்துப் போட்டாங்க? எவ்வளவு பெரிய ஓட்டை இது!"

"உங்க தாடிக்காரருக்குப் பேரு நல்லாவே தெரிஞ்சுதே, போட்டாரா?" என்றேன்.

பாஸ்போர்ட் வந்தது. தாடிக்காரரும் இன்னொருவரும் ஒப்பமிட்டார்கள். தமிழ் அவர் பெயரிலேயே ஏறியது. அந்த வாரம் ஒரு சாயங்காலம் வாசலில் ஆணி அடிக்கும் சத்தம் கேட்டுப் போய்ப் பார்த்தேன். கதவில் ஒரு சின்னப் பலகை. மூன்று வருடம் தமிழ் தமிழ் என்று உயிரை விட்ட மனிதர், தன் பெயரை மராத்தியில் எழுதியிருந்தார்.

"போறவன் வர்றவனுக்கெல்லாம் தெரியணுமா?" என்றேன்.

"அவங்களுக்கு இல்ல" என்று எதிர்வீட்டுக் கதவைக் காட்டினார்.